சேற்றைத் தாண்டிய வண்டி தார் ரோட்டில் நடுங்குவது ஏன்?

ஃபோர் வீல் பிக்கப் வைத்திருக்கும் டெல்டா விவசாயிகளுக்கு

பொழுது விடியும் முன்பே தாராசுரம் காய்கறி மார்க்கெட்டுக்கு பிக்கப் வண்டிகள் வரத் தொடங்கிவிடும். பின்சக்கரம் மட்டும் இழுக்கிற சாதாரண வண்டிகள்தான் அதிகம். ஆனால், கொள்ளிடக் கரைப் படுகையில் வாழை போட்டிருப்பவர்களுக்கும், வாய்க்கால் தாண்டி உள்ளே நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஐப்பசி, கார்த்திகையில் அந்த வண்டி உதவாது. களிமண் சேற்றில் பின்சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், வண்டி நகராது. அதனால்தான் நாலு சக்கரமும் இழுக்கிற பொலேரோ கேம்பர், டாடா யோதா, இசுசு வி-கிராஸ் போன்றவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய ஜீப்பின் பின்பகுதியை வெட்டி பிக்கப் ஆக்கிக்கொண்டவர்களும் உண்டு.

இந்த வண்டிகளுக்கு வருகிற பொதுவான நோய், நடுக்கம். வயலில் நன்றாக இழுத்த வண்டி, தார் ரோட்டில் 50, 60 கிலோமீட்டர் வேகம் வந்ததும் உதறும். பழைய கும்பகோணம்–தஞ்சாவூர் சாலையில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பின்னால் 40-ல் ஊர்ந்தபோது தெரியாத நடுக்கம், தஞ்சாவூர்–விக்கிரவாண்டி நாற்கரச் சாலையில் ஏறி 70-ஐத் தொட்டதும் வெளியே வரும்.

உடனே ஆளுக்கொரு யோசனை கிடைக்கும். “டயரை மாத்துங்க” என்பார் ஒருவர். “அலைன்மெண்ட் போயிருக்கும்” என்பார் இன்னொருவர். “கிராஸ் போயிடுச்சு, பிரிச்சிடலாம்” என்பார் மெக்கானிக். மூன்றுமே ஏதோ ஒரு வண்டிக்குச் சரியாக இருக்கும். உங்கள் வண்டிக்கு எது என்று பார்க்காமல் ஒவ்வொன்றாகச் செலவழித்தால், குறுவையில் வந்த பணம் வண்டிக்கே போய்விடும்.

எதையும் பிரிப்பதற்கு முன்னால், நடுக்கம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஒரு தாள், ஒரு பென்சில், பக்கத்தில் உட்கார்ந்து எழுத ஓர் ஆள் போதும்.

இரண்டு விதமான நடுக்கம்

எஞ்சின் சுற்றுவது கியர் பாக்ஸ் வழியாக டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு நீண்ட இரும்புக் குழாய் பின்பக்க டிஃபரன்ஷியலுக்குப் போகிறது. இதுதான் புரொப்பெல்லர் ஷாஃப்ட். ஃபோர் வீல் வண்டியில் இன்னொரு ஷாஃப்ட் முன்பக்கமும் போகும். ஷாஃப்ட்டின் இரண்டு முனைகளிலும் கூட்டல் குறி வடிவில் இருப்பது யுனிவர்சல் ஜாயிண்ட். பட்டறையில் ‘கிராஸ்’ என்றால்தான் புரியும்.

பிக்கப் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்கு ஏழெட்டு முறை சுற்றும். ஷாஃப்ட் அதைப்போல நாலு மடங்கு சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 30 முறை. அதனால் சக்கரத்தில் வரும் கோளாறு ‘தட தட’ என்று எண்ணிவிடக்கூடிய ஆட்டமாகத் தெரியும். ஷாஃப்ட்டில் வரும் கோளாறை எண்ண முடியாது. ‘ர்ர்ர்’ என்று தரையிலும் சீட்டிலும் ஒரு ரீங்காரமாக ஏறும். கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கலாகத் தெரியும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

ஸ்டீயரிங்கில் ஆட்டம் என்றால் முன்சக்கரத்தையும், சீட்டுக்கு அடியில் என்றால் பின்சக்கரத்தையும் முதலில் சந்தேகிக்கலாம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் அது டிரம் அல்லது டிஸ்க்கின் வேலை. அதற்கு ஷாஃப்ட்டைக் கழற்றத் தேவையில்லை.

ஓட்டிப் பார்த்தே கண்டுபிடிப்பது

ஆள் நடமாட்டம் இல்லாத, மேடு பள்ளமில்லாத நேர் சாலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஆக்ஸிலரேட்டரை மெதுவாக ஏற்றுங்கள். நிற்கிற வண்டியே உதறினால் எஞ்சின் மவுண்ட் ரப்பர், எஞ்சின், கிளட்ச் பக்கம் பார்க்க வேண்டும். கீழே போகவே வேண்டாம்.

அடுத்து, எந்த வேகத்தில் நடுக்கம் வருகிறதோ அதே வேகத்தில் நாலாவது கியரிலும் ஐந்தாவது கியரிலும் ஓட்டிப் பாருங்கள். கியர் மாறும்போது எஞ்சின் சுற்று மாறும். சக்கரத்தின் சுற்றும் ஷாஃப்ட்டின் சுற்றும் மாறாது. எந்த கியரில் போனாலும் அதே 60-ல்தான் நடுக்கம் வருகிறது என்றால் எஞ்சின் குற்றவாளி அல்ல.

மூன்றாவதாக, அந்த வேகத்தில் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து வண்டியைத் தானாக உருளவிடுங்கள். சாவியை மட்டும் அணைத்துவிடக் கூடாது. ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம், பிரேக்கும் கல்லாகிவிடும். உருளும்போதும் நடுக்கம் அப்படியே இருந்தால் டயர், ரிம் அல்லது ஷாஃப்ட்டின் பேலன்ஸ். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வந்து, விட்டதும் மறைந்தால் தேய்ந்த கிராஸ் அல்லது ஷாஃப்ட்டின் சாய்வு. முன்சக்கரம் தனித்தனியாகத் தொங்கும் புது வண்டிகளில் உள் ஜாயிண்ட்டும் தேய்ந்திருக்கலாம்.

கடைசியாக, காலி வண்டியில் ஒரு முறை, லோடு ஏற்றி ஒரு முறை. பலரும் விட்டுவிடுகிற சோதனை இது. டெல்டா வண்டிகளுக்கு இதுதான் அதிகம் பேசும். ஏன் என்று பிறகு பார்ப்போம்.

செலவில்லாத காரணங்கள் முதலில்

சக்கர நட்டு. வேறெதற்கும் முன்னால் இதைப் பாருங்கள். லூஸான நட்டோடு ஓடுகிற வண்டியில் சக்கரமே கழன்று போகும். நட்டுகளை வரிசையாக இறுக்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும்.

பிறகு சேறு. காவிரிக் களிமண் ரிம்மின் உட்பக்கம் அப்பிக்கொண்டு, வெயிலில் காய்ந்தால் ஓடு மாதிரி ஆகிவிடும். ஒரு பக்கம் மட்டும் அரை கிலோ மண் ஒட்டியிருந்தாலே சக்கரம் உதறப் போதும். வெளியே பளபளவென்று கழுவியிருப்பார்கள். உட்பக்கம் அப்படியே இருக்கும். டயர் கடைக்குப் போகும் முன் சக்கரத்தின் உட்பக்கத்தைக் குச்சியால் சுரண்டி, தண்ணீர் பீய்ச்சிவிட்டு ஓட்டிப் பாருங்கள். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் முன் மண்டபத்தை 12-ம் நூற்றாண்டுச் சிற்பிகள் குதிரை இழுக்கும் தேராகவே செதுக்கி, சக்கரமும் வைத்திருக்கிறார்கள். கல் சக்கரத்துக்கு பேலன்ஸிங் வேண்டாம். ஓடுகிற சக்கரத்துக்கு வேண்டும்.

ஷாஃப்ட்டுக்கும் இதே கதைதான். அறுவடை முடிந்த வயலில் ஓட்டினால் வைக்கோலும், சாக்கு தைக்கிற நைலான் கயிறும் ஷாஃப்ட்டில் சுற்றிக்கொள்ளும். கயிறு ஆயில் சீலுக்குள் புகுந்தால் சீல் போய்விடும். வைக்கோல் சைலன்சர் குழாயைத் தொட்டால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. வண்டி வயலை விட்டு ஏறியதும் குனிந்து ஒரு பார்வை பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

வரப்பு தாண்டும்போது ஷாஃப்ட் தரையில் இடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது கனமான இரும்புபோலத் தெரிந்தாலும் உள்ளே வெற்றுக் குழாய். ஓர் இடத்தில் நெளிந்தாலே பேலன்ஸ் போய்விடும். தொழிற்சாலையில் பேலன்ஸ் செய்யும்போது ஷாஃப்ட்டின் மேல் சிறு இரும்புத் துண்டுகளை ஒட்டவைத்திருப்பார்கள். அது விழுந்திருந்தால், துரு இல்லாத ஒரு சதுரத் தழும்பு அந்த இடத்தில் தெரியும்.

கிராஸைக் கையால் பார்ப்பது

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, முன்னும் பின்னும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி எந்த வண்டிக்கும் அடியில் போகக் கூடாது. கிராஸின் இரண்டு பக்கமும் கையால் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். ஷாஃப்ட் முழுவதும் சேர்ந்து கொஞ்சம் திரும்புவது டிஃபரன்ஷியல் பற்களின் இடைவெளி, அது இயல்பு. ஆனால் கிராஸுக்குள்ளேயே ‘கடக்’ என்று ஆடினால் அது முடிந்துவிட்டது.

கிராஸின் நாலு கிண்ணங்களிலும் ஊசி போன்ற பேரிங்குகள் இருக்கின்றன. சேற்றுத் தண்ணீர் உள்ளே போய் கிரீஸ் கழுவிக்கொண்டு போனால், கிண்ணத்தின் வாயில் செம்மண் தூள் மாதிரி துருப்பொடி தெரியும். அதைப் பார்த்துவிட்டால் ஆட்டம் இல்லாவிட்டாலும் மாற்றிவிடலாம். கிரீஸ் நிப்பிள் இருக்கிற கிராஸ் என்றால், சேற்று வேலை முடிந்ததும் நாலு கிண்ணத்திலும் புது கிரீஸ் பிதுங்கி வரும்வரை அடிக்க வேண்டும். ஒரு கிராஸ் வாங்கும் காசில் எத்தனை டப்பா கிரீஸ் வாங்கலாம் என்று கணக்குப் போட்டால் சோம்பல் போய்விடும்.

முதல் கியரில் எடுக்கும்போதும் ரிவர்ஸுக்கு மாற்றும்போதும் ‘டக்’ என்று ஒரு சத்தம் வருவது இந்த நோயின் ஆரம்பம். கவனிக்காமல் விட்டால் கிராஸ் உடைந்து ஷாஃப்ட் கீழே விழும். பின்முனை விழுந்தால் தரையில் இழுபடும். முன்முனை விழுந்து, குத்துகிற ஈட்டி மாதிரி ரோட்டில் ஊன்றிக்கொண்டால், லோடு ஏற்றிய வண்டியையே தூக்கிப்போடும். சத்தம் கேட்கிற வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது என்று சொல்வது அதனால்தான்.

கமான் பட்டை சொல்லும் கதை

இப்போது காலி வண்டி, லோடு வண்டி விஷயத்துக்கு வருவோம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை 40 கிலோ. 30 மூட்டை ஏற்றினால் 1,200 கிலோ. ‘இன்னும் பத்து மூட்டைதானே, ஒரே நடையில் முடிந்துவிடும்’ என்று ஏற்றுவது ஊர் வழக்கம். அதைத் தாங்குவதற்காகப் பின்பக்கக் கமான் கட்டில் ஒன்றிரண்டு பட்டைகளைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். வண்டி தாழ்வதில்லை, எல்லோருக்கும் திருப்தி. பத்து நாள் கழித்து காலி வண்டி 60-ல் ரீங்காரமிடத் தொடங்கும். பட்டை சேர்த்ததையும் நடுக்கத்தையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

காரணம் கிராஸின் குணத்தில் இருக்கிறது. சாய்வாகச் சுற்றும் கிராஸ் சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். 16-ம் நூற்றாண்டில் இத்தாலியின் கார்டானோ பெயரோடும், 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் பெயரோடும் சேர்த்துச் சொல்லப்படும் பழைய இணைப்பு இது. இந்தக் குணமும் அதனோடேயே வருகிறது. அதைச் சமாளிக்கத்தான் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் இரண்டு கிராஸ். முன் கிராஸ் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தைப் பின் கிராஸ் அதே அளவில் எதிராகச் செய்து சரிக்கட்டிவிடும். இரண்டு முனையிலும் சாய்வு சமமாக இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு செல்லும்.

கமான் பட்டை கூடினால் காலி வண்டியின் பின்பகுதி எம்பி நிற்கும். சாய்வு அதிகமாகும். டிஃபரன்ஷியலின் மூக்கும் சற்றுத் திரும்பினால் இரண்டு முனைச் சாய்வும் சமமாக இருக்காது, சரிக்கட்டல் தவறிவிடும். லோடு ஏற்றியதும் வண்டி தாழ்ந்து நடுக்கம் மறைந்தால், சந்தேகமே வேண்டாம், சாய்வுதான். மாறாக, லோடு ஏற்றினால்தான் நடுங்குகிறது என்றால் பட்டை சோர்ந்திருக்கிறது அல்லது அளவுக்கு மீறி ஏற்றுகிறீர்கள். லோடோடு வண்டியை எடுக்கும்போது மட்டும் உதறினால் கமான் கட்டை அச்சோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள். ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும் வண்டிகளில் நடுவிலுள்ள சென்டர் பேரிங்கின் ரப்பரையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் கிளட்ச் தட்டில் ஆயில் பட்டிருக்கலாம்.

சேர்த்த பட்டையை எடுத்துவிட்டு, எடையைக் குறைத்து இரண்டு நடையாக ஓட்டுவதுதான் மலிவான வைத்தியம். டீசல் செலவு என்பார்கள். கிராஸ், சென்டர் பேரிங், டிஃபரன்ஷியல் பினியன் மூன்றும் அடுத்தடுத்துப் போகும்போது ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அந்த டீசல் ஒன்றுமில்லை.

முன் ஷாஃப்ட்டா, பின் ஷாஃப்ட்டா?

இரண்டு ஷாஃப்ட் இருப்பதால் ஃபோர் வீல் வண்டியில் குழப்பம் அதிகம். அதே இரண்டு ஷாஃப்ட் ஒரு வசதியும் தருகிறது. லீவர் போட்டால்தான் முன்சக்கரம் இழுக்கும் வகை வண்டியில், முன் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்சக்கர இழுப்பில் ஓட்டிப் பார்க்கலாம். நடுக்கம் நின்றுவிட்டால் குற்றம் முன்பக்கம். நிற்கவில்லை என்றால் முன்பக்கத்தைத் தொட வேண்டாம். அந்தச் செலவு மிச்சம். எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் வகை வண்டிகளில் இதைச் செய்யக் கூடாது.

கழற்றும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஷாஃப்ட்டும் பிளேஞ்சும் சேரும் இடத்திலும், நடுவில் நீண்டு குறுகும் சிலிப் ஜாயிண்ட்டிலும் பெயின்ட்டால் கோடு போட்டுவிட வேண்டும். திரும்ப மாட்டும்போது கோடும் கோடும் சேர வேண்டும். பின் ஷாஃப்ட்டைக் கழற்றுவதாக இருந்தால், கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது, உருளும் என்பதை நினைவில் வையுங்கள். பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக்கே டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கும், அதுவும் பிடிக்காது. சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தக் கூடாது.

முன்சக்கர ஹப் சரியாக விடுபடாமல் இருந்தாலும், லீவர் போடாத நேரத்திலும் முன் ஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். சேற்றில் ஓடும் வண்டிகளில் ஹப்புக்குள் மண் புகுந்து இப்படி ஆவதுண்டு.

வாய்க்காலில் இறக்கிய வண்டிக்கு இன்னொரு சோதனை. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகவோ மூச்சுக்குழாய் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிவிடும். ஆயில் போடும் மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பாருங்கள். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் அன்றே மாற்ற வேண்டும். ஒரு போகம் அப்படியே ஓட்டினால் பேரிங் ஊளையிடத் தொடங்கும். பிறகு கிரவுன் பினியன்வரை செலவு போகும்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: வயலில் ஃபோர் வீல் போட்டு ஏறி, ரோட்டுக்கு வந்த பிறகு லீவரை எடுத்தால் வர மறுக்கிறது. திருப்பத்தில் வண்டி பிடித்துப் பிடித்து உதறுகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்க வேண்டும் என்கிறார்கள். இறக்கத்தான் வேண்டுமா ஐயா?

பதில்: அவசரப்பட வேண்டாம். லீவர் போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. திரும்பும்போது முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்காது. அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்ட்டிலும் கியரிலும் ஏறி லீவரைப் பிடித்துக்கொள்கிறது. நேராக நாலைந்து மீட்டர் ரிவர்ஸ் எடுத்து, ஆக்ஸிலரேட்டரை விட்டு, லீவரை இழுத்துப் பாருங்கள், பெரும்பாலும் வந்துவிடும். இனிமேல் ரோட்டில் ஏறுவதற்கு முன், மண் தரையிலேயே லீவரை எடுத்துவிடுங்கள். இத்தனைக்குப் பிறகும் சிக்கினால் மட்டும் பட்டறைக்குப் போகலாம்.

கேள்வி: பின்னால் இரண்டு டயர் மட்டும் புதிது போட்டேன். அதிலிருந்து ஃபோர் வீல் போட்டால் இறுக்கமாக ஓடுகிறது. டயருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. புது டயரில் பூ 8 மில்லிமீட்டர், தேய்ந்த டயரில் 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 38 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு கிலோமீட்டருக்குக் கணக்குப்படி 17 மீட்டர். பூட்டிய இரண்டு ஷாஃப்ட்டும் இந்த 17 மீட்டருக்காகச் சண்டை போடுகின்றன. ஃபோர் வீல் வண்டிக்கு நாலு டயரும் ஒரே அளவில், ஏறத்தாழ ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். நாலையும் இடம் மாற்றி மாற்றி ஓட்டி, ஒன்றாகத் தேயவைத்து, ஒன்றாக மாற்றுங்கள். காற்றும் வண்டிக் கையேட்டில் சொன்ன அளவு இருக்கட்டும்.

கேள்வி: கிராஸ் மாற்றிக்கொண்டு வந்த பிறகு முன்பைவிட நடுக்கம் அதிகமாகிவிட்டது. கிராஸ் போலியாக இருக்குமோ?

பதில்: போலியாகவும் இருக்கலாம். அதற்கு முன் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் உள்ள கவட்டைகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிலிப் ஜாயிண்ட்டைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினாலே இரண்டு கிராஸும் ஒன்றையொன்று சரிக்கட்டாது. பல ஷாஃப்ட்டுகளில் இரண்டு துண்டிலும் அம்புக்குறி இருக்கும். மண்ணைத் துடைத்தால் தெரியும். அம்பும் அம்பும் நேராக வரும்படி மாட்டச் சொல்லுங்கள். அப்போதும் நிற்காவிட்டால், ஷாஃப்ட்டின் பின்முனையில் ரேடியேட்டர் ஹோஸுக்குப் போடும் கிளிப் ஒன்றை மாட்டி, அதன் திருகுத் தலையை நாலு பக்கமும் மாற்றி மாற்றி வைத்து ஓட்டிப் பார்க்கலாம். ஒரு பக்கத்தில் நடுக்கம் குறைந்தால் பேலன்ஸ்தான் குறை என்று உறுதி. கிளிப்போடு ஓட்டிக்கொண்டிருக்காமல், ஷாஃப்ட் பேலன்ஸிங் எந்திரம் இருக்கும் பட்டறைக்குக் கொண்டு போங்கள். கிளிப் இருந்த இடத்தில் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனால் அவர்களுக்கும் வேலை சுலபம்.